ஷெட் நம்பர் நாலு

எங்கள் வீட்டு ஜன்னல் ஒன்றைக்கூடத் திறக்க முடியாது. கண்ணாடியைச் சுவரோடு சுவராக வைத்து அடைத்துவிட்டார்கள். புதுச்சத்திரத்தில் ஹைவேஸை விட்டு உள்ளே பிரியும் ரோட்டில் இப்படி ஒரு வீட்டைக் கட்டிய புண்ணியவான் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் மயில்சாமிதான். கொத்தனாரே பொறுக்காமல், "ஏனுங்க, காத்து எப்புடி வருமுங்க?" என்று கேட்டார். "காத்து வரக்கூடாதுன்னுதானப்பா கட்டறதே" என்றார் இவர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வீட்டுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் எங்கள் கோழிப்பண்ணை. மூன்று ஷெட். காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் வாடை நேராக வந்து கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கூடவே ஈ. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன், எனக்கு அது மூக்கிலேயே ஏறுவதில்லை. என் மகன் தமிழரசுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்களுக்கெல்லாம் எவ்வளவு நீள மூக்கு என்று தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்தாக வேண்டும். வீடு, தோட்டம், கிணறு எல்லாம் சுற்றிப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது நம் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் "அவசரச் சோலி இருக்குதுங்க" என்று சொல்லி ஒரு வாய்த் தண்ணீரோடு வண்டி ஏறிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவசரச் சோலி வந்தது. ஒரு அம்மாள் கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்காமலே என்னிடம் காப்பியை வாங்கி, எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் டீப்பாயில் வைத்துவிட்டுப் போனாள். இன்னொரு வீட்டில், "புள்ளைக்கு சைனஸுங்க" என்றார்கள். பையன் முப்பத்தி நாலைத் தொட்டுவிட்டான். தங்கமான பையன். என்ன, அவன் அப்பா முன்னால் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் கொட்டாவிதான் வரும்.

இவர் ஒரு முடிவெடுத்தார். பண்ணையை நகர்த்த முடியாது, வீட்டை அடைத்துவிடுவோம் என்று. பழைய வீட்டை இடித்துப் புது வீடு. திறக்காத ஜன்னல். கூரைக்குள் குழாய் ஓட்டி வீடு முழுக்க ஏசி. சேலத்திலிருந்து ஏசிக்காரர் அன்வர் பாட்சா வந்து போட்டுக் கொடுத்தார். எங்கள் பண்ணை ஷெட்டுகளுக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் பெட்டிகளை மாட்டியவரும் அவர்தான்.

குளிர் மட்டும் தரும் மெஷின் போதுமே என்றார் பாட்சா. இவர் விடவில்லை. "சூடும் வருமான்னு கேட்டேன், வருமுன்னீங்க. வர்றத எதுக்கு உடோணும்?" நாமக்கல் வெயிலில் இருந்துகொண்டு சூட்டுக்கு மெஷின் கேட்ட மனுசனை அன்றைக்குத்தான் பாட்சா பார்த்திருப்பார்.

ஏசிக்கு உத்தரவு போட முதலில் கூடத்துச் சுவரில் இருந்த பெட்டி சாது. ஏற்ற ஒரு பொத்தான், இறக்க ஒரு பொத்தான், அணைக்க ஒரு பொத்தான். யாரோடும் பேசாது. வாயில்லாப் பூச்சி. எனக்கும் அதற்கும் ஒத்துப்போனது. போன ஐப்பசி மழையில் இடி விழுந்து அது கருகிப்போனது. பாட்சா புதுசு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்.

"அண்ணே, இது பழசு மாதிரி இல்ல. வெளியில இருக்கற மெஷினோட இது பேசும், மெஷினும் இதோட பேசும். ரெண்டும் சேந்து உங்க போனோட பேசும். நீங்க திருப்பதி போயிருந்தாலும் அங்கிருந்தே வீட்டைக் குளிர வெச்சுக்கலாம்" என்றார்.

"நாங்க எல்லாரும் திருப்பதியில இருந்தா ஊட்டுல யாருக்குங்க குளுரோணும்?" என்று நான் கேட்டேன். இவர் பாட்சாவிடம் பில்லைக் கேட்டார். நல்ல கேள்வி கேட்டால் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பாட்சா இன்னொன்றையும் படித்துப் படித்துச் சொன்னார். "பண்ணைக்கு ஏற்கெனவே ஒரு அக்கவுண்டு இருக்குண்ணே. வீட்டுக்குத் தனியா ஒண்ணு தொறந்துருவோம். ரெண்டையும் கலக்க வேண்டாம்."

"எதுக்குங்க பாட்சா ரெண்டு? ஒரே கம்பெனிப் பொட்டி, ஒரே ஆப்பு. ஷெட் ஒண்ணு, ரெண்டு, மூணு இருக்குதில்ல? இத ஷெட் நாலுன்னு போட்டு உடுங்க. எனக்கு ஒரே பக்கத்துல எல்லாந் தெரியோணும்."

பாட்சா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஊரெல்லாம் கூப்பிட்டுப் புதுமனை புகுவிழா நடத்திய எங்கள் வீடு அப்படித்தான் ஷெட் நம்பர் நாலு ஆனது.

அதற்கப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல. தமிழரசு தன் போனிலும் அந்த ஆப்பைப் போட்டுக்கொண்டான். அவனுக்கு இருபது டிகிரி வேண்டும். இவருக்கு இருபத்தி ஆறு. அவன் ரூமில் படுத்துக்கொண்டு இருபது வைப்பான். தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும் இவர் போனில் டிங் என்று சத்தம் வரும். 'தமிழரசு வெப்பநிலையை மாற்றினார்' என்று பெட்டி கோள் மூட்டும். இவர் மம்பட்டியைப் போட்டுவிட்டு இருபத்தி ஆறு வைப்பார். உள்ளே டிங். அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசி நாளாகிறது, பெட்டி வழியாக மட்டும் பொழுதன்னைக்கும் சண்டை. நடுவில் நான் ஸ்வெட்டரைப் போடுவதும் கழற்றுவதுமாக அல்லாடிக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு அது?" என்றார் இவர். மகன் சிரித்தான். அன்றைக்கு ரெண்டு பேருக்கும் ரசத்தில் உப்புப் போடவில்லை.

கடைசியில் இவர் மகன் போனுக்கும் சுவரில் இருந்த பெட்டிக்கும் சேர்த்து ஒரு பூட்டுப் போட்டுவிட்டார். யார் தொட்டாலும் 'ஓனரைக் கேளுங்கள்' என்று அது சொன்னது. ஓனர் யார்? சாட்சாத் ஐயாதான்.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் அந்தப் பெட்டி தானாக அப்டேட் ஆகி, விடிந்ததும் வேறு முகத்தோடு நின்றது. அதில் புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. ஷெட்டுகளைக் குழுவாகச் சேர்த்துக்கொள்ளலாம். குழுவுக்கு ஒரு தடவை சொன்னால் அதிலிருக்கும் எல்லா ஷெட்டும் கேட்கும். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மத்தியானம் பூராவும் உட்கார்ந்து பிரித்தார். கம்பிவலை அடித்த ஒண்ணும் ரெண்டும் 'திறந்த ஷெட்'. குஞ்சு வளர்க்கும் மூணாவது ஷெட் நாலு பக்கமும் அடைத்தது, அதனால் 'மூடின ஷெட்'. எங்கள் வீடும் நாலு பக்கம் அடைத்ததுதானே? அதையும் தூக்கி அதிலேயே போட்டுவிட்டார். கோழிக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? இந்தச் சங்கதி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் போனைப் பிடுங்கிக் கிணற்றில் வீசியிருப்பேன்.

தையில் ஒரு நல்ல இடம் வந்தது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவரின் மகள், பெயர் தனப்பிரியா. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை. ஜாதகம் பொருந்தியது. பையனும் பெண்ணும் போனில் பேசினார்கள். தமிழரசு சிரித்துச் சிரித்துப் பேசினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். வீடு பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். "நான்தான அந்த ஊட்டுல இருக்கப்போறேன், நானும் வாரேன்" என்று பெண்ணும் கிளம்பிவிட்டதாகத் தரகர் சொன்னபோது நான் சாம்பிராணி வாங்கிவர ஆள் அனுப்பினேன்.

முந்தின நாள் தமிழரசு அடுப்படிக்கு வந்தான். "அம்மா, இதோட உட்ருங்க. இவியளும் வேண்டாமுன்னுட்டா இனி எனக்குப் பாக்க வேண்டாம்" என்றான். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் சும்மா சொல்கிறவன் இல்லை. 

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஊதுபத்தி, சாம்பிராணி. கதவை யாரும் தேவையில்லாமல் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தேன். உள்ளே வந்துவிட்ட ஒன்றிரண்டு ஈயையும் கொசு அடிக்கும் பேட்டை எடுத்து நானே அடித்துத் தீர்த்தேன். அன்றைக்குப் பார்த்துத்தானா பண்ணைக்குக் குஞ்சு வந்து இறங்க வேண்டும்? முட்டையை விட்டு வந்த குஞ்சு நம் வீட்டு விசேஷத்துக்காகக் காத்திருக்குமா. பண்ணை சூப்பர்வைசர் வேலுமணி அத்தனையையும் மூணாவது ஷெட்டில் இறக்கிவிட்டார். பிறந்த குஞ்சுக்கு முப்பத்தி மூணு டிகிரி சூடு வேண்டும், தாய்க்கோழியின் இறக்கைக்குள் இருக்கிற மாதிரி. இவர் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டே போனை எடுத்தார். 'மூடின ஷெட்' என்பதைத் தொட்டார். 'முதல் நாள் குஞ்சு' என்பதைத் தொட்டார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று வாசலுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் ஒரம்பரை என்போமே, அந்த விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

பெண், அவளுடைய அப்பா, அம்மா, சேந்தமங்கலத்திலிருந்து தாய்மாமன் வீரபாகு. பயப்பட வேண்டிய ஆள் அந்தத் தாய்மாமன்தான். அவர் தலையாட்டினால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும் என்று தரகர் சொல்லியிருந்தார். மீசைக்குக் கருகருவென்று மை போட்டுக்கொண்டு, மூக்கை முன்னால் நீட்டியபடி வந்தார். கூடத்தில் நின்று நாலு திசையும் மோந்து பார்த்தார்.

"பண்ணை பக்கத்துலதான்னாங்க. வாடை ஒண்ணையுங் காணமே" என்றார். குரலில் ஒரு ஏமாற்றம்கூட இருந்தது.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்றைக்கு அந்த வீட்டில் குளிர்ந்தது அது ஒன்றுதான்.

காப்பி கொடுத்தேன். அதைக் குடித்து முடிப்பதற்குள் பெண்ணின் அப்பா கழுத்துப் பட்டனைக் கழற்றினார். காப்பிச் சூடு என்று நினைத்தேன். பெண்ணின் அம்மா பட்டுச்சேலை முந்தானையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். தனப்பிரியா கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினாள். நான் கொண்டுவந்து வைத்த பாதுஷாவின் மேல் சர்க்கரை இளகி வழிந்தது.

"ஏசி ஓடுதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் அந்த அம்மாள்.

"ஓடுதுங்க. சத்தம் கேக்குது பாருங்க" என்றார் இவர் பெருமையாக.

ஓடத்தான் செய்தது. என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடியது. நான் விளக்கேற்றுவதுபோல் எழுந்துபோய்க் காற்று வரும் துவாரத்துக்கு நேரே கையை நீட்டிப் பார்த்தேன். இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி அடித்தது.

"கொல்லிமலை அடிவாரத்துல இன்னும் பனி எறங்கிட்டிருக்குது. இங்க என்னுங்க இது, சித்திரை மாசம் வந்துருச்சு?" என்றார் வீரபாகு. மீசை மை கரைந்து ரெண்டு பக்கமும் வாயோரத்தில் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

நான் இவரைக் கண்ணால் கூப்பிட்டேன். அடுப்படி ஓரத்துக்கு வந்து போனைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. "மூடின ஷெட்டு…" என்று முனகினார். பிறகுதான் அந்தக் குழுச் சங்கதியைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் தோசைக் கரண்டி இருந்தது நல்ல காலமா கெட்ட காலமா என்று தெரியவில்லை.

தமிழரசும் பின்னாலேயே வந்தான். "அப்பா, போனக் குடுங்க. நாலை மட்டும் வெளிய எடுத்துரலாம்."

"தொடாதடா! தப்பித் தவறி மூணாவது ஷெட்டும் நின்னுபோச்சுன்னா? அத்தன குஞ்சும் ஒரே மூலையில அண்டி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சடைச்சுச் செத்துரும்."

"இங்க ஒரம்பரை சாவறாங்கப்பா."

"இவிய பெரிய உசுருக. தாங்குவாங்க" என்றார் இவர்.

பாட்சாவுக்கு போன் போட்டார். ஜும்மாத் தொழுகைக்குப் போயிருப்பார் போல, அணைத்து வைத்திருந்தார். இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், "புது மெஷினுங்க. செத்த நேரத்துல செட்டாயிருமுங்க" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். யாரும் நம்பவில்லை. பெண்ணின் அப்பா கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவைப் படபடவென்று தட்டும் சத்தம். திறந்தால் வேலுமணி. காலில் கம்பூட்ஸ், வாயில் மாஸ்க், முதுகில் மருந்தடிக்கும் ஸ்பிரேயர்.

"அய்யா, போனு நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றார் மூச்சு வாங்க. "ஷெட் நாலுல ஈரப்பதம் கொறையுது, உடனே தண்ணி அடிங்கன்னு ஒரு பொம்பளக் கொரலு சொல்லிட்டே இருக்குதுங்க. நானும் பண்ணையச் சுத்திச் சுத்தி வாரேன். நம்மகிட்ட ஷெட்டு மூணுதானுங்களே? நாலாவது எதுங்க?"

 இவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனப்பிரியா எழுந்தாள். சுவரில் இருந்த பெட்டியின் அருகே போய்க் குனிந்து படித்தாள். "ஷெட் நாலு. குஞ்சு வயது, ஒரு நாள்." திரும்பி எங்களைப் பார்த்தாள். "அப்ப, நாமதானுங்களா குஞ்சு?"

வேலுமணிக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க் போட்டிருந்ததால் பிழைத்தார்.

வீரபாகு எழுந்து நின்றார். "எந்திரிங்க மாமா" என்றார் பெண்ணின் அப்பாவைப் பார்த்து. "மனுசன ஊட்டுல வெக்கறவிய வேற, ஷெட்டுல வெக்கறவிய வேற. நமக்கு அவசரச் சோலி இருக்குது."

அந்த ரெண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறதே. சுவருக்குத் திரும்பி நின்ற மகன் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. ஓடிப்போய் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். மெஷின் நின்றது. வாசல் கதவின் ரெண்டு பக்கத்தையும் அகலமாகத் தள்ளினேன். பின்கதவையும் தள்ளினேன். மேற்கேயிருந்து தை மாதக் காற்று சில்லென்று புகுந்தது, கூடவே வாடையும். காலையிலிருந்து நான் போட்ட சாம்பிராணி போன இடம் தெரியவில்லை. ஈயும் வந்தது. ஒன்று நேராகப் போய் வீரபாகுவின் மீசை மையில் உட்கார்ந்தது. எல்லோர் முகமும் காற்றுக்கு மலர்ந்தது, வாடைக்கு மூக்கு மட்டும் சுருங்கியது.

"இதானுங்க எங்க ஊடு" என்றேன்.  "வாடை அடிக்குமுங்க. ஈ வருமுங்க. அத மறைக்கறதுக்குத்தான் இத்தன கூத்தும் பண்ணுனோம். என்ற பையன் நல்லவனுங்க. அதுல மட்டும் ஒரு பொய்யும் இல்லீங்க."

அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

வீரபாகு வாசற்படி வரை போய்விட்டார். தனப்பிரியா நகரவில்லை.

"வாடை அடிக்குதுதானுங்க. இல்லீன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "எங்க ஊட்டுல விடிஞ்சாப் பொழுதானா தகரத்தப் போட்டு அடிக்கற சத்தம், வெல்டிங் பொகை. வர்றவிய காதப் பொத்திக்குவாங்க. எங்களுக்கு அது கேக்கறதே இல்லீங்க. இதும் பழகிக்கும். ஆனா ஒண்ணு கேக்கோணும்." அவள் தமிழரசை நேராகப் பார்த்தாள். "நான் பகலெல்லாம் ரூமுல உக்காந்துதான் வேலை செய்யோணும். நீங்க அன்னிக்கு போனுல சொன்ன மாதிரி, அந்த ரூமுல எத்தன டிகிரி இருக்கோணுங்கறத தோட்டத்துல இருந்து பெரியவங்க போனுல முடிவு பண்ணுவாங்கன்னா, எனக்குச் சரிப்படாதுங்க. இந்த ஷெட் நாலை அந்தப் போனுல இருந்து எடுத்துருவீங்களா?"

எல்லாரும் தமிழரசைப் பார்த்தோம். அவன் வாயைத் திறந்தான்.  கொட்டாவி வரவில்லை.

"எடுத்துரலாமுங்க" என்றான். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "அப்பா, போனக் குடுங்க" என்றான்.

இவர் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். "எல்லாம் என்ற கையில இருந்தாத்தான்டா ஒழுங்கா நடக்கும்" என்றார். சொல்லும்போதே வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க! மொத நாள் குஞ்சுக்கு எத்தன சூடு வேணும், மூணாம் நாள் குஞ்சுக்கு எத்தன வேணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க. எனக்கு எத்தன வேணும்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா? ஊட்டுக்குள்ள ஸ்வெட்டரப் போட்டுட்டு தோசை சுட்டேனே, ஏன்டி இப்புடி நிக்கறேன்னு கேட்டீங்களா? இத்தன வருசம் நீங்க வெச்சதுதான் சூடு, நீங்க வெச்சதுதான் குளுரு. இந்தப் புள்ளையாச்சும் வாயத் தொறந்து கேட்டுச்சு. அந்தப் போனு இப்ப வெளிய வரலைன்னா, இவிய போற வண்டியிலயே நானும் ஏறிப் போயிருவேன், ஆமா!"

புதுச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் இப்படிப் பேசலாமா? பேசிவிட்டேன். வேலுமணி ஓசைப்படாமல் ஸ்பிரேயரை முதுகிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தார். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருப்பதை இப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். பையிலிருந்து போனை எடுத்தார். மகனிடம் கொடுக்க மனசு வரவில்லை போலும், தனப்பிரியாவிடம் நீட்டினார்.

"மூணுல குஞ்சு கெடக்குது சாமி. பாத்துப் பண்ணு."

"மூணத் தொட மாட்டேனுங்க. மெயினப் போடச் சொல்லுங்க."

தமிழரசு ஓடினான். பெட்டி விழித்துக்கொண்டு மறுபடியும் ஆவியை ஊத ஆரம்பித்தது. அவள் கட்டைவிரல் போனில் அங்கும் இங்கும் ஓடியது. "நாலை எடுத்தாச்சுங்க. மூணுல முப்பத்தி மூணு அப்புடியே நிக்குது, பாருங்க" என்று காட்டினாள். இவர் பெருமூச்சு விட்டார். வேலுமணியின் போனில் அந்தப் பொம்பளைக் குரலும் அடங்கியது. சுவர்ப் பெட்டியில் மட்டும் புதிதாக ஏதோ எழுத்து வந்து நின்றது.

"ஊட்டுக்கு ஓனர் யாருன்னு கேக்குதுங்க" என்றாள் தனப்பிரியா.

 இவர் தரையைப் பார்த்தார். வாசற்படியில் நின்றுகொண்டிருந்த வீரபாகுதான், "மாப்பிள்ளை பேரப் போடு கண்ணு, அதுக்கென்ன ரோசனை" என்றார். தமிழரசை 'மாப்பிள்ளை' என்று சொல்லிவிட்டதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

தனப்பிரியா என் பக்கம் திரும்பினாள். "அத்தை, உங்க போனக் குடுங்க."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் எந்தப் பெண்ணும் பையனைப் பெற்றவளை அப்படிக் கூப்பிட மாட்டாள். வந்ததிலிருந்து என்னை 'ஏனுங்கம்மா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுவிட்டால் அப்புறம் தாம்பூலம் மாற்றுவதெல்லாம் ஊருக்காகச் செய்வதுதான். பெண்ணின் அப்பா கண்ணைத் திறந்தார். அவள் அம்மா மகளை ஒரு தடவை பார்த்தாள், பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்து, "எலை எங்க போட்டிருக்கறீங்க? நானும் வந்து பரிமாறறேன்" என்றாள். தமிழரசு காது வரை சிவந்துபோய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

என் போனைக் கொண்டுவந்து கொடுத்தேன்.  ஆப் இறங்கியது. என் பெயரை அவளே அடித்தாள், சாரதாமணி என்று. பெட்டி ஒருமுறை டிங் என்றது.

"எத்தன டிகிரி வெக்கட்டுமுங்க அத்தை?" என்று கேட்டாள்.

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். இவரும் பார்த்தார். யாரும் கேட்டதில்லை என்று சற்று முன்னால்தான் அத்தனை கத்து கத்தினேன். கேட்டதும் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இருபதும் இருபத்தி ஆறும் அவர்கள் எண்கள். என்னுடையது எது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"இப்பத்திக்கு அணைச்சு உடு சாமி" என்றேன். "கதவு தொறந்தே கெடக்கட்டும். நான் ரோசிச்சுச் சொல்றேன்."